இடப்பக்கத்துப் பிரேக்

எங்கள் வீட்டில் எந்த வாகனம் நின்றாலும் அதில் முதலில் ஓட்டை விழுவது இடப்பக்கத்து சீற்றுக்கு முன்னால் கிடக்கும் கால்மிதியில்தான். டயர் தேயாது, சீற் கிழியாது, அந்தக் கால்மிதி மட்டும் ஆறு மாதத்தில் சல்லடையாகிவிடும். காரணம் என் கணவரின் வலது கால்.

நானும் அவரும் திருகோணமலையில் கார் ஓட்டப் பழக்குகிறவர்கள். ஊர் வழக்கில் சொன்னால் 'லேர்னர்ஸ்' வைத்திருக்கிறோம். பழகுகிறவர் வலப்பக்கத்தில் இருந்து ஸ்டியரிங்கைப் பிடிப்பார், பழக்குகிறவர் இடப்பக்கத்தில் இருப்பார். இடப்பக்கத்திலும் ஒரு பிரேக் பெடல் பூட்டியிருக்கும். பழகுகிறவர் பஸ்ஸின் பின்பக்கத்துக்குள் போய்ச் சொருகப் பார்த்தால் நாங்கள் இந்தப் பக்கத்தில் மிதித்துவிடுவோம். இருபது வருடத்துக்கு மேலாக இதுதான் தொழில். அவருக்கு இப்போது பெடல் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். கொழும்பு பஸ்ஸில் போனாலும் முன்சீற்றின் காலை மிதிப்பார். தொலைக்காட்சியில் யாராவது யாரையாவது காரில் துரத்தினால் கதிரையில் இருந்தபடியே தரையை மிதிப்பார்.

எனக்கு ஓட்டப் பழக்கியதும் அவர்தான். உட்துறைமுக வீதியில், கடலைப் பார்த்தபடி, பக்கத்தில் இருந்து "மெதுவா, மெதுவா" என்றார். அந்தக் குரலில் மயங்கித்தான் கட்டிக்கொண்டேன். கலியாணத்துக்குப் பிறகு அந்தக் குரல் போய்விடும் என்று நினைத்தது என் பிழை. வேகம் நாற்பதைத் தாண்டினால் குரல் வரும், ஐம்பதைத் தொட்டால் கால் வரும். தனியாகக் கார் ஓடலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஊர் முழுக்க என்னிடம் பழகினவர்கள். சந்தியில் கொஞ்சம் வேகமாகத் திரும்பினாலே, "மிஸ், நீங்களே இப்பிடியா?" என்று மீன்கடையில் வைத்துக் கேட்பார்கள்.

ஆகவே எனக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான் மிச்சம் இருந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் பிரேக்கை வேறு யாரும் மிதிக்காமல், கால் போன வேகத்துக்கு ஒரு காரை ஓட வேண்டும். அதுவும் அவர் பக்கத்தில் இருக்கும்போது. அவர் இல்லாமல் ஓடினால் அது கணக்கில் வராது என்று எனக்குத் தோன்றியது. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

வாகன இறக்குமதித் தடை எடுபட்ட கையோடு கனடாவில் இருக்கிற என் தம்பி ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி இறக்கினான். சிவப்பு. இரண்டு பேர்தான் இருக்கலாம். ஊருக்கு வரும்போது ஓட என்று வாங்கினான், வருவதற்கு மட்டும் லீவு கிடைக்கவில்லை. கார் உவர்மலையில் எங்கள் வீட்டுக் கொட்டிலுக்கு வந்து, தார்ப்பாலின் கீழே படுத்துக்கொண்டது. ஒழுங்கை முகப்பில் இருக்கிற வேகத்தடையில் அதன் வயிறு தட்டும் என்பதால், இரண்டு பலகை வைத்து, நாலு பேர் "விடு, விடு, நில், நில்" என்று கத்தித்தான் உள்ளே கொண்டுவந்தோம். கலியாண வீட்டுக்காரர் மூன்று பேர் மாப்பிள்ளை காருக்குக் கேட்டு வந்தார்கள். ஒருவர் மாப்பிள்ளை இல்லாமல், வெறுமனே படம் எடுக்கக் கேட்டார்.

அந்த வருடம் குச்சவெளிப் பக்கத்தில் ஒரு விளையாட்டுக் கழகம் கார் ரேஸ் வைக்கப் போவதாக நோட்டீஸ் ஒட்டியது. கச்சான் என்கிற வறண்ட தென்மேல் காற்று அடிக்கிற மாதங்களில் அங்கே களப்போரம், அதாவது கடல்நீரேரிக் கரை, வறண்டு, தரை சிமெந்து போல இறுகிவிடும். அதில் பீப்பாய்களை நட்டு மூன்று சுற்று. முதல் பரிசு ஒரு தண்ணிப் பம்ப். ஒவ்வொரு காரிலும் பாதுகாப்புக்காக இரண்டு பேர் இருக்க வேண்டும் என்பது சட்டம். நோட்டீஸை வாசித்தபோது எனக்கு இதயம் படபடத்தது. ஐம்பது வயதில் படபடத்தால் வைத்தியரிடம் போக வேண்டும் என்பார்கள். நான் தம்பிக்கு போன் எடுத்தேன்.

"அக்கா, ஓடுங்கோ! சும்மா கிடக்கிற கார்தானே. ரேசுக்கெண்டே செய்த சாமான். அத்தானையும் ஏத்திக்கொண்டு ஓடுங்கோ," என்றான்.

சரியாகப் பத்து நிமிடத்துக்குப் பிறகு அவனே திருப்பி எடுத்தான். "அக்கா, கல்லுத் தரையோ? கல்லெண்டா கொஞ்சம் மெதுவா ஓடுங்கோ." அடுத்த நாள் காலை, "அக்கா, உப்புக் காத்துப் படும், கண்ணாடியைத் திறந்துபோடாதேங்கோ." பின்னேரம், "மற்றக் கார்களுக்குப் பக்கத்தில போகவேண்டாம்." நான், "அப்ப எல்லாரும் போனபிறகு நான் தனிய ஓடட்டோ?" என்று கேட்டேன். அவன், "ஏலுமெண்டா நல்லது," என்றான். பகிடி விடவில்லை, உண்மையாகவே சொன்னான்.

என்றாலும் ஓடிப் பார்த்துவிடுவோம் என்று ஒரு ஞாயிறு காலை காரை வெளியே எடுத்தோம். அவரை இழுத்து இடப்பக்கத்தில் ஏற்றினேன். பலகை வைத்து, வேகத்தடை தாண்டி, கடற்கரை வீதிக்கு வந்து இருபதில் போனேன். அந்தக் காருக்கு இருபது என்பது நித்திரை. எனக்கோ அதற்குமேல் கால் அழுத்த மறுத்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தேன், மற்றவர் வீட்டுக் கண்ணாடிக் கோப்பையைப் பிடித்தது போலப் பிடித்திருந்தேன். கோட்டைப் பக்கம் திரும்பினால் வீதி நடுவில் ஒரு மான். எங்கள் ஊர் மான்களுக்கு வீதி ஒழுங்கு கிடையாது. அது காரைச் சுற்றி வந்து, முகர்ந்து, கதவை நக்கத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்துத் தம்பி வீடியோவில் வந்தான்.

"அக்கா, ஓடுதோ? என்ன சத்தம் அது?"

"மான்."

"என்ன செய்யுது?"

"நக்குது."

"ஐயோ, பெயின்ற்!" என்று கனடாவில் இருந்து கத்தினான். மான் பயந்து ஓடியது. பயந்தது மான் மட்டுமல்ல. என் கணவர் வழக்கம் போல வலக்காலால் ஓங்கித் தரையை மிதித்தார். அங்கே பெடல் இல்லை. வெள்ளை நிறக் கம்பளம் இருந்தது. அதில் அவருடைய செருப்பின் அச்சு, கொம்பனி எழுத்தோடு பதிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சவர்க்காரம், எலுமிச்சம்புளி எல்லாம் போட்டுத் தேய்த்தோம். அச்சு கொஞ்சம் வடிவாகத் தெரிந்ததுதான் மிச்சம்.

கிண்ணியாவில் எங்கள் கார்களைத் திருத்துகிற நானா (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒருவர் இருக்கிறார். இருபது வருடமாக, எங்களிடம் பழகுகிறவர்களின் கைவேலையை எல்லாம் தட்டி நிமிர்த்துகிறவர். அடுத்த நாள் அவருடைய கராஜில் மூவரும் இருந்து தேத்தண்ணி குடித்தபடி இதைத்தான் பேசினோம்: தம்பியின் காரை ஓடுவதா, மலிவாக நாங்களே ஒன்றைச் செய்வதா.

"மிஸ், ஒண்டு சொல்லட்டா? தம்பிட கார் ஓடுற கார் இல்ல, பாக்கிற கார்," என்றார் நானா. "நம்மளே ஒண்டு செய்வம். இடிபட்டா தட்டலாம், பிரண்டா நிமித்தலாம். ஒருத்தருக்கும் போன் எடுத்துச் சொல்லத் தேவையில்ல."

"மூண்டாவது வழி ஒண்டு இருக்கு," என்றார் என் கணவர். "போய்ப் பார்ப்பம். குடையைப் பிடிச்சுக்கொண்டு, கச்சான்கொட்டை சாப்பிட்டுக்கொண்டு, ஆறுதலாப் பார்ப்பம்."

எனக்கு வந்த கோபத்தில் தேத்தண்ணிக் கோப்பையை வைத்த சத்தம் பக்கத்துக் கடைக்கே கேட்டிருக்கும். "செய்வம், நானா," என்றேன்.

செய்வதற்குக் கார் இருந்தது. எங்கள் லேர்னர்ஸின் முதல் கார், ஓய்வெடுத்து, நானாவின் கராஜ் மூலையில் கோழி அடைந்துகொண்டு நின்றது. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்தது. நெளிவுகளைத் தொட்டுத் தொட்டு யார் யார் பழகினார்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியும். இது வங்கி மனேஜர், மதகில். இது மருத்துவிச்சி, தென்னையில். இது கிளிவெட்டி வயற்காரர், நின்றுகொண்டிருந்த தன் சொந்த உழவு இயந்திரத்திலேயே. பின்சீற்றைக் கழற்றினோம், கண்ணாடிகளைக் கழற்றினோம், கோழியை இறக்கினோம். மூதூரில் இடிபட்டுக் கிடந்த ஒரு வானின் எஞ்சினை நானா கொண்டுவந்தார். அது காரைவிடப் பெரிது. பொனற் மூடவில்லை. நடுவில் சதுரமாக வெட்டி, எஞ்சினின் தலையை வெளியே விட்டு, மிச்சத்தைக் கயிற்றால் கட்டினார். ஸ்டார்ட் பண்ணினபோது மூலையில் நின்ற கோழி இரண்டு நாள் முட்டையிடவில்லை.

என் கணவர் எதிர்க்கட்சி. காரை அவர் கார் என்று சொல்வதே இல்லை. "அந்தச் சாமான்" என்பார். ஆனாலும் பின்னேரங்களில், சும்மா பார்க்க வந்தேன் என்று வருவார். முதல் நாள் பார்த்தார். இரண்டாம் நாள் ஸ்பனர் எடுத்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் சிக்னல் லைற் இல்லையே என்று சண்டை பிடித்தார்.

"ரேஸ் காருக்கு என்னத்துக்கு, சேர், சிக்னல்?" என்று நானா கேட்டார்.

"சிக்னல் இல்லாத வாகனத்தில நான் ஏறமாட்டன்."

அவர் ஏறத்தான் வேண்டும், இரண்டு பேர் சட்டம். நானாவுக்கு முதுகு வலி. வேறு யாரும் என்னோடு வருவதை நான் விரும்பவில்லை. ஆகவே சிக்னல் பூட்டினோம். பக்கக் கண்ணாடி கேட்டார், பூட்டினோம். கடைசியில், நானா இடப்பக்கத்துப் பிரேக் பெடலைக் கழற்றக் குனிந்தபோது, அவர் குறுக்கே வந்து நின்றார்.

"அதில கை வையாதேங்கோ. அதைக் கழட்டினா, ரேஸும் இல்லை, நானும் இல்லை."

நான் அவரைப் பார்த்தேன். அவர் பெடலைப் பார்த்தார். பெடல் கழற்றப்படாமல் அங்கேயே நின்றது.

சாம்பல்தீவுப் பக்கத்தில் ஒரு வெறுங்காணியில் ஓடிப் பழகினோம். ஐம்பதுக்கு வந்தேன், கார் நின்றது. திரும்ப எடுத்தேன், வளைவில் நின்றது. "மிதிக்கிறீங்கள்," என்றேன். "நான் மிதிக்கேல்லை," என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய கால் செய்வது அவருக்கே தெரியாது. நானா இதற்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். இடப்பக்கத்துப் பெடலை மிதித்தால் சத்தம் வருகிற மாதிரி வயர் கொடுத்தார். அவரிடம் அப்போது ஹோன் இருக்கவில்லை. திருத்த வந்த, பாண் (ரொட்டி) விற்கிற ஆட்டோ ஒன்றின் பாட்டுப் பெட்டிதான் இருந்தது. காலையிலும் பின்னேரத்திலும் ஒழுங்கை ஒழுங்கையாகப் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்று வருமே, அதே பெட்டி.

அடுத்த நாள் காணியில் நான் மூன்றாம் கியர் போட்டதும் பாட்டு தொடங்கியது. வளைவில் பாட்டு. நேர்ப் பாதையிலும் பாட்டு. ஒரு ஆடு தூரத்தில் திரும்பிப் பார்த்தது, அதற்கு ஒரு பாட்டு. கால் மணித்தியாலத்தில் சுற்றுவட்டாரத்துச் சனம் பையோடு வந்து வேலியோரம் நின்றது. "பாண் இல்லையெண்டா ஏன் தம்பி பாட்டுப் போடுறியள்?" என்று ஒரு அம்மா அவரைப் பேசினார். இன்னொருவர் மீன் வைத்த மாலு பாண் இருக்கா என்று கேட்டு, கயிறு கட்டின பொனற்றுக்குள் எட்டிப் பார்த்தார்.

நானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரை நிற்பாட்டி, எஞ்சினை அணைத்து, "பதினேழு தரம்," என்றேன். "இருபது வருஷத்துக்கு மேல ஓடுறன். ஒரு கீறல் இல்லை. ஊரிலை கண்ட பெடியளையும் நம்பி ஸ்டியரிங்கைக் குடுக்கிறீங்கள். என்னை ஒரு நாளும் நம்பினதில்லை, என்ன?"

அவர் இறங்கிப் போய், வேலியோரம் நின்ற அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, நாங்கள் வந்திருந்த எங்கள் வானுக்குள் ஏறி இருந்துகொண்டார். அடுத்த மூன்று நாளும் "சாப்பாடு இருக்கு", "கரண்ட் பில் வந்திருக்கு" என்பதோடு கதை சரி. எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. பெடலைத் திருட்டுத்தனமாகக் கழற்றிவிடலாமா என்றும் யோசித்தேன். கழற்றினால் அவர் ஏறமாட்டார். அவர் ஏறாவிட்டால் எனக்கு அந்த ரேஸ் எதற்கு?

ரேஸ் அன்று களப்போரம் சனம் நிரம்பியிருந்தது. ஒன்பது கார்கள். கூரை வெட்டின ஜீப் ஒன்று, கதவில்லாத வான் ஒன்று, எங்களைப் போலப் பிச்சுப் பூட்டினவை மிச்சம். ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றும் இல்லை. ஓட்டுநர்களில் நாலு பேர் என்னிடம் பழகினவர்கள், "மிஸ், வணக்கம் மிஸ்" என்று வரிசையாக வந்து நின்றார்கள். என் கணவர் வந்து இடப்பக்கத்தில் ஏறினார். நான் கண்ணாடியைச் சரி செய்தேன், பெல்ட்டைப் போட்டேன், அவர் பக்கம் திரும்பவே இல்லை. கோபத்தில் இருந்தேன், அதோடு பயத்திலும்.

கொடி விழுந்தது. புழுதிக்குள் புகுந்தேன். முதல் வளைவு வந்தது, இப்போது பாட்டு வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். வரவில்லை. இரண்டாம் வளைவு. வரவில்லை. அறுபது தாண்டியது, ஜன்னல் இல்லாத கதவுக்குள்ளால் புழுதி வாய்க்குள் போனது, பாட்டு வரவில்லை. வயர் கழன்றிருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் வயர் கழன்றாலும் பிரேக் பிடிக்குமே, கார் நிற்கவில்லையே! இரண்டாம் சுற்றில் கதவில்லாத வானை முந்தினேன். முந்துவதற்கு முன் கண்ணாடி பார்த்து, வலப்பக்கம் சிக்னல் போட்டேன். சனம் கை தட்டிச் சிரித்தது கேட்டது. சிரிக்கட்டும், முந்திவிட்டேன். ஜீப்பையும் முந்தினேன், அதற்கும் சிக்னல் போட்டேன். மூன்றாவதாக வந்துகொண்டிருந்தேன்.

கடைசிச் சுற்றில், தூரத்துப் பீப்பாய்க்குப் பக்கத்தில், களப்பில் இருந்து எருமைகள் ஏறி வந்தன. ஏழெட்டு இருக்கும். அவசரமில்லாமல், சேற்றோடு, ஒன்றன்பின் ஒன்றாகப் பாதையைக் கடந்தன. முன்னால் போனவர்கள் வெட்டித் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். நான் நின்றேன். மிதித்தது என் கால்தான், என் பக்கத்துப் பிரேக்தான். கியரை நியூட்ரலுக்கு எடுத்தேன். கை காட்டி, எருமைக்கு வழி விட்டேன். மிருகங்கள் கடந்தால் முழுதாக நிற்க வேண்டும் என்று ஆயிரம் பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் அல்லவா. ஜீப் என்னைக் கடந்தது. வானும் கடந்தது. கடைசி எருமை நடுப்பாதையில் நின்று எங்களைப் பார்த்தது.

"என்னப்பா நிக்கிறீர்!" என்று ஒரு குரல் காதுக்குள் இடித்தது. "இடப்பக்கத்தால வெட்டி எடும்! மிதியும்! போம், போம்!"

அந்தக் குரலை எனக்குத் தெரியும். அது "மெதுவா" என்ற ஒரு சொல்லைத்தான் இவ்வளவு காலமும் சொல்லிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் சீற்றில் சம்மணம் கட்டி இருந்தார். செருப்பு இரண்டும் மடியில். இரண்டு கையாலும் இரண்டு காலின் பெருவிரலையும் இறுக்கிப் பிடித்திருந்தார், விட்டால் ஓடிவிடும் என்பது போல. முகம் முழுக்கப் புழுதி, அதில் வியர்வை கோடு கோடாக ஓடியிருந்தது. கண்கள் இறுக்கி மூடியிருந்தன. எருமையை ஒரு தரம் எட்டிப் பார்த்திருக்க வேண்டும், போம் என்று கத்தியது கண்ணை மூடிக்கொண்டுதான்.

"இஞ்சருங்கோ, என்ன இது..."

"கதைக்காதேயும்! ஓடும்!"

ஓடினேன். எருமையைச் சுற்றி வெட்டி, இரண்டாம் கியர், மூன்றாம் கியர், பிறகு எத்தனையாவது என்று பார்க்கவில்லை. மீற்றர் முள் எங்கே நின்றது என்றும் தெரியாது, எழுபதுக்கு மேலே அது வங்கி மனேஜர் காலத்திலேயே பழுது. காரின் ஒவ்வொரு ஆணியும் தனித்தனியாக ஆடியது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது, மூக்கும் ஒழுகியது, துடைக்கக் கை இல்லை. என் பிரேக்கின் மேல் யாருடைய காலும் இல்லை. பக்கத்தில் இருந்து அவர் சாமி பேரெல்லாம் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், ஆனால் காலை விடவில்லை.

ஒன்பது பேரில் ஐந்தாவதாக வந்தோம். தண்ணிப் பம்ப், கடைசியில் முன்னால் போன இருவரையும் முந்திவிட்ட ஜீப்புக்காரருக்குப் போனது.

காரை நிற்பாட்டியதும் நானா முதுகு வலியை மறந்து ஓடி வந்தார். என் கணவர் இறங்கவில்லை. "கால் விறைச்சுப் போச்சு. ஏலாது," என்றார். மூன்று சுற்றும் மடக்கி வைத்திருந்த கால். நான் அந்தப் பக்கம் போய், முழங்காலில் இருந்து, ஒரு காலை மெல்லப் பிரித்துக் கீழே வைத்தேன். மற்றக் காலைப் பிரித்தபோது அது என் கையிலிருந்து நழுவிப் பெடலில் விழுந்தது. பாட்டு தொடங்கியது. கால் விறைத்திருந்ததால் அவரால் எடுக்கவும் முடியவில்லை. களப்போரம் முழுக்கப் பாண் பாட்டு. பார்க்க வந்த ஒரு அம்மா கைப்பையைத் திறந்தபடி கிட்ட வந்து, "சங்கிலிப் பாண் இருக்கோ?" என்று கேட்டார்.

"பாண் இல்லை அம்மா," என்றார் என் கணவர், பெடலில் காலோடு. "இது ரேஸ் கார். என்ர மனிசி ஓடினது."

வீட்டுக்குத் திரும்பும்போது எங்கள் வானை நான் ஓட்டினேன். நிலாவெளி தாண்டும்வரை அவர் இடப்பக்கத்தில் சம்மணம் கட்டித்தான் இருந்தார். அதற்குப் பிறகு இடுப்பு நோகுது என்று காலை இறக்கினார். கொஞ்ச நேரத்தில் வலது கால் கால்மிதியில் அழுத்தத் தொடங்கிவிட்டது. நான் எழுபதில் போய்க்கொண்டிருந்தேன்.